கம்பளித் திரி

பாவோராவின் பழைய வேப், அதாவது மின்சிகரெட், நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பேனா போல ஒல்லியாக, நீல நிறத்தில், ஒரே ஒரு பொத்தானோடு இருக்கும். அழுத்தி உறிஞ்சினால் ஆவி வரும். விட்டால் நின்றுவிடும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எனக்கு அதில் குறையாகத் தெரிந்தது அது ஒன்றுதான். பேசுவதற்கு எதுவுமே இல்லாத ஒரு பொருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நாளை ஓட்டுகிறான் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

நாங்கள் ஆட்டுரோமம் கத்தரிக்கும் கூட்டம். குளிர்காலத்தின் கடைசியில், ஆடுகள் குட்டி போடும் முன், மேனியடோட்டோ மேட்டுநிலத்தின் மலைப்பண்ணைகளில் ஒவ்வொன்றாகத் தங்கி மெல்லிய கம்பளி தரும் மெரினோ ஆடுகளைக் கத்தரிப்போம். பாவோரா எங்களில் வேகமானவன். அவன் கையில் மாட்டிய ஆடு, தனக்கு என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் வெள்ளையாக வெளியே நிற்கும். நான் அவன் காலடியில் விழும் கம்பளியை அள்ளி மேசையில் வீசி, தரையைப் பெருக்குகிறவன். இந்த வேலையில் மூளைக்கு நிறைய ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வை நான் எதற்குச் செலவழித்தேன் என்பதுதான் கதை.

இலையுதிர்காலத்தில் பாவோராவும் அவன் மனைவி வைமாரியும் ஒரே நாளில் சிகரெட்டை விட்டார்கள். வைமாரியின் நுரையீரல் சரியில்லை. போன குளிரில் இரண்டு முறை டனீடன் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். இன்னொரு குளிர் இப்படிப் புகைத்தால் திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் தனியாக விட அவளால் முடியவில்லை. அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். யார் பற்றவைத்தாலும் அன்று மாலையே மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒருவர் பற்றவைத்தால் மற்றவருக்கும் விடுதலை.

"நீ ஒண்ணு பத்தவெச்சியோ, அடுத்த நிமிஷம் நானும் பத்தவெப்பேன்" என்று அவள் என் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் இருக்கும். பாவோரா சிரித்ததில்லை.

ஆக, அந்த நீலப் பேனாதான் இரண்டு பேரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதில்தான் நான் கை வைத்தேன்.

சொந்தமாகக் கம்பி சுற்றிக்கொள்ளும் டேங்க் என்று ஒன்று உண்டு. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, நடுவில் இரண்டு சின்னத் தூண்கள். தூண்களுக்கு இடையில் கம்பிச் சுருளைத் திருகாணி போட்டு இறுக்கி, சுருளுக்குள் பஞ்சுத் திரியை நுழைத்துக் குப்பியில் திரவத்தை ஊற்றினால், பஞ்சு அதை உறிஞ்சிக் கொடுக்க, கம்பி அதை ஆவியாக்கும். அடியில் பேட்டரிப் பெட்டி. எனக்குப் புகைப்பழக்கம் இதனால்தான் போனது. புகைக்க நேரமில்லாமல் போய்விட்டது.

ஆடு வாங்கப் போனவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல நான் ஒவ்வொரு டேங்க்கையும் மாதக்கணக்கில் ஆராய்ந்தேன். அடியிலிருந்து காற்று நுழையும் டேங்க்கில் சுவை அள்ளிக்கொண்டு வரும், ஆனால் ஒழுகும். மேலிருந்து நுழைந்தால் ஒழுகாது, சுவை ஒரு மாற்றுக் குறையும். நான் மேல்காற்றுக் கட்சி. பிறகு கம்பி. நிக்கல் வெந்த சேமியா மாதிரி வளையும். டைட்டானியத்தைச் சிவக்கக் காய்ச்சினால் வெள்ளைப் பொடி பூக்கும். எஃகு உத்தமம். பிறகு திருகாணி. திருகாணிகளைப் பற்றி மட்டும் ஒரு பண்ணையில் தங்கியிருந்த நாள் முழுக்கப் படித்தேன். அந்தப் பண்ணை எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

திருகாணி ஏன் முக்கியம் என்றால், நான் வெப்பக் கட்டுப்பாட்டுக்காரன். சாதாரணப் பெட்டி கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு காய்ச்சும். பஞ்சு காய்ந்திருந்தால் துணி எரியும் நாற்றம் தொண்டையில் இறங்கும். வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி அப்படியல்ல. எஃகுக் கம்பி சூடாக ஆக அதன் மின்தடை ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்தே பெட்டி கம்பியின் சூட்டைக் கணக்குப் போட்டு, நாம் சொன்ன எல்லைக்கு மேல் போகாமல் நிறுத்திவிடும். திருகாணி தளர்ந்தால் தடை மாறி அந்தக் கணக்கே தப்பிவிடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. புதிதாகக் கம்பி மாற்றும்போது பெட்டி "புதுக் கம்பியா?" என்று கேட்கும். அப்போது கம்பி நன்றாக ஆறியிருக்க வேண்டும். 'ஆம்' என்று அழுத்தினால், அந்த நிமிடத்துச் சூட்டையே சாதாரண அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் அங்கிருந்து அது எண்ணும்.

பண்ணைக்குக் கிளம்புவதற்கு முன் ரான்ஃபர்லியில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் இதையெல்லாம் பாவோராவிடம் சொன்னேன்.

"உன் பேனா எவ்ளோ சூட்டுல வேலை செய்யுதுன்னு தெரியுமா, ப்ரோ?"

"தெரியாது."

"அதான் பிரச்சனை."

"எனக்கு ஒரு பிரச்சனையும் இல்லையேடா."

"இருக்கு. உனக்குத் தெரியல, அவ்ளோதான்."

வைமாரி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "நல்லா ஓடுற குதிரைக்கு எதுக்குடா லாடம் மாத்துற?"

"இது கருகவே கருகாது, அக்கா."

"அவன் பேனாவும் கருகலையே."

"இனிமே கருகலாம்ல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். மூச்சு லேசாக விசில் அடித்தது. "எல்லிஸ், அங்க மலை மேல இது நின்னு போச்சுன்னா, நான் அவனைக் கேக்க மாட்டேன். உன்னைத்தான் கேப்பேன்."

"தாராளமா கேளுங்க" என்றேன்.

என்னிடம் இருந்த இரண்டாவது டேங்க்கையும் பெட்டியையும் பாவோராவுக்குக் கொடுத்தேன். கம்பி சுற்றி, திரி போட்டு, ஆறவைத்து, 'ஆம்' அழுத்தினேன். ஆறவைப்பது பற்றி அவனுக்குப் பாடம் எடுத்தேன். "சூடா இருக்கும்போது அழுத்தினா என்ன ஆகும்? சொல்லு." அவன் சொல்லும் வரை விடவில்லை. நீலப் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டு மூடியதும் நானேதான். கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் நம்பிக்கையில்லாதது போல ஆகிவிடும் அல்லவா?

பண்ணையில் முதல் சில நாட்கள் நான் மிதந்தேன். பாவோரா ஃபீஜோவா பழ வாசனைத் திரவத்தைத்தான் விரும்புவான். "சுவை நல்லாத்தான் இருக்கு" என்று அவன் ஒருமுறை ஒத்துக்கொண்டதை நான் மற்ற எல்லோரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆடுகளை லாரியில் ஏற்றும் சாய்தளத்தின் உச்சியில் நின்றால் மட்டும்தான் அங்கே போன் பேச முடியும். அவன் தினமும் மாலையில் அங்கே ஏறி நின்று, "இன்னைக்கும் இல்ல, நீ?" என்பான். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு இறங்கி வருவான்.

அப்புறம் பனி விழுந்தது. விடிந்து பார்த்தால் சாலை இருந்த இடத்தில் சாலை இல்லை. கத்தரிப்பதற்கான ஆடுகளை முன்தினமே கொட்டகைக்குள் அடைத்திருந்ததால் வேலை நிற்கவில்லை. அன்று காலைதான் பாவோராவின் டேங்க் கசக்கத் தொடங்கியது. ஃபீஜோவாவின் இனிப்பு திரியில் தார் மாதிரி படிந்துவிட்டது. திரியை மாற்றினால் சரியாகிவிடும். டேங்க்கில் இருந்த கறுத்த திரியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, என் பையைத் திறந்தேன். பஞ்சுப் பொட்டலம் காலியாக இருந்தது. என் டேங்க்கின் திரியையும், புதிது போடலாம் என்று, அன்று காலைதான் பிடுங்கி எறிந்திருந்தேன்.

அது ஜப்பானியப் பஞ்சு. அதில் பாதியை நானே வீணடித்திருந்தேன், மிகச் சரியான திரியைத் தேடி. ஆனால் மீதிப் பாதி எங்கே?

கம்பளியை மூட்டையாக அழுத்தும் மெர்வ் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதிலிருந்து எதையோ பிடுங்கினார்.

"என்னது?"

"பஞ்சு, மாமா. என் பஞ்சைப் பார்த்தீங்களா?"

அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். "இதுவா? அருமையான பஞ்சுடா. சத்தமே கேக்கல. எங்கடா வாங்கின?"

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"உன் பையிலேர்ந்துதான்."

"எல்லாத்தையுமா?"

"தினமும் புதுசு வெச்சாத்தானே சுத்தம்?"

காதிலிருந்து வந்ததைத் திரும்பக் கொடுக்க முன்வந்தார். மனிதர் தாராளக்காரர்தான்.

அவர் சட்டைப் பையில் புகையிலைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. கொட்டகையில் அவர் ஒருவர்தான் இன்னும் சுருட்டிப் புகைப்பவர். பத்தடி தள்ளி ஆட்டின் மேல் குனிந்திருந்த பாவோரா நிமிர்ந்து அந்தப் பையைப் பார்த்ததை நான் பார்த்தேன். மறுபடி குனிந்தபோது அவன் கத்தரி ஆட்டின் தோலைக் கீறிவிட்டது. பாவோரா ஆட்டைக் கீறி நான் பார்த்ததே இல்லை.

சமையலறைக்கு ஓடினேன். சமையல்காரி ஹூயா அத்தை தேநீர் இடைவேளைக்கு ஸ்கோன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். முதலுதவிப் பெட்டியில் செயற்கை இழைக் கட்டுத்துணிதான் இருந்தது. எங்கள் உடம்பில் இருந்த உள்ளாடை முதல் காலுறை வரை எல்லாமே கம்பளி. அத்தை தோளில் கிடந்த பாத்திரம் துடைக்கும் துணியை நீட்டினார்.

"இந்தா, இது பருத்திதான். கிழிச்சுக்கோ."

"இதுல ப்ளீச் இருக்கும், அத்தே. உள்ள இழுக்கக் கூடாது."

"அதுல துடைச்ச தட்டுலதானேடா தினமும் திங்கற?"

"திங்கறது வேற."

"வேணும்னா கொதிக்க வெச்சுத் தரேன்."

"வேணாம் அத்தே. இதுக்குன்னு ஒரு தரம் இருக்கு."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். ஹூயா அத்தை சாட்சி. இன்றுவரை, எனக்குத் தட்டு வைக்கும்போதெல்லாம் அதைத் திருப்பிச் சொல்கிறார்.

கொட்டகைக்குத் திரும்பினேன். மேசை மேல் ஓர் இளம் ஆட்டின் முழுக் கம்பளி விரித்துக் கிடந்தது. தோள்பட்டைப் பகுதி மேகம் மாதிரி இருந்தது. என் தலைக்குள் மணி அடித்தது. இழைதானே வேண்டும்? உலகத்தின் மிக மெல்லிய இழையில் முழங்கால் வரை நின்றுகொண்டு நான் பஞ்சுக்கு அழுதுகொண்டிருக்கிறேன்.

கம்பளி கருகும் என்பது எனக்குத் தெரியாமலா? தெரியும். சாதாரணப் பெட்டிக்காரன் இதை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் என் பெட்டிக்கு எல்லை உண்டு. கம்பளி கருகும் சூட்டுக்குக் கீழே, நூற்றெண்பது டிகிரியில் நிறுத்தினால் தீர்ந்தது. வெப்பக் கட்டுப்பாடு என்ற ஒன்று எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. கடைக்காரர்கள், விமர்சனம் எழுதுகிறவர்கள், யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கம்பளி பொறுக்குகிறவனுக்குத் தோன்றியிருக்கிறது. இதை எப்படி எழுதுவது, என்ன தலைப்பு வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

தோளிலிருந்து ஒரு பிடி கிள்ளி, பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு முறை அலசினேன், கம்பளியின் இயற்கைப் பிசுக்கு போகும் வரை. கொதிநீரில் போட்டு எடுத்தேன். சுருளுக்குள் நுழைத்து, நுனிகளைச் சீவி வெட்டினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் ஈரம். ஈரத்தோடு இருந்தால் திரவத்தை உறிஞ்சாது. இடைவேளை மணி அடிக்கப் போகிறது. எங்கள் ஊரில் அந்த இடைவேளைக்குப் பெயரே ஸ்மோக்கோ, அதாவது புகைக்கும் நேரம். புகையை விட்டவனுக்கு அதைவிட நீளமான அரைமணி நேரம் கிடையாது. அதனால் டேங்க்கை அப்படியே ஹூயா அத்தையின் விறகடுப்பின் மேல்தட்டில், ஸ்கோன் தட்டுக்குப் பக்கத்தில் காயவைத்தேன்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். பாவோரா தேநீரைத் தொடவில்லை. சாப்பிட்டது, வேகவேகமாக, ஒரு சாசேஜும் பாதி ஸ்கோனும்தான். முழங்கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆச்சாடா?"

"ஆச்சு, ப்ரோ. இது சரித்திரம்."

"சரித்திரம் வேணாம். ஆவி வருமா?"

துணியால் பிடித்து டேங்க்கை எடுத்தேன். துணியால் பிடித்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். திரவத்தை ஊற்றி மூடி, பெட்டியில் திருகினேன். "புதுக் கம்பியா?" என்று பெட்டி கேட்டது. மேசையைச் சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஆம்' என்று அழுத்தினேன்.

பாவோரா கண்ணை மூடிக்கொண்டு, காலையிலிருந்து காத்திருந்த மனிதன் இழுப்பது போல, நெஞ்சு நிறைய இழுத்தான்.

கொம்பு தீய்த்த வாசம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள், முடிவெட்டும் கடையில் பெருக்கியதை எல்லாம் அள்ளி நெருப்பில் போட்டு, அதன் மேல் பழக்கூழை ஊற்றியதாக நினைத்துக்கொள்ளலாம். அடுப்படியில் படுத்திருந்த நாய் எழுந்து, கதவைப் பிராண்டி வெளியே போனது. பாவோராவின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் பழுப்பு நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. அவன் கண்கள் என்னையே பார்த்தன. பெட்டியின் திரையில் நூற்றெண்பது என்று அமைதியாக எழுதியிருந்தது.

"அது எப்படி? இங்க பாரு, நூத்தியெண்பதுதான்" என்று சொல்லிக்கொண்டே டேங்க்கைப் பிடித்தேன். விரல் சுட்டது. அப்போதுதான் விளங்கியது. அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த கம்பியைக் காட்டி, இதுதான் ஆறிய கம்பி என்று நான் சொல்லியிருக்கிறேன். பாவம், பெட்டி அதை நம்பியிருக்கிறது. அந்தக் கொதிப்புக்கு மேலே நூற்றெண்பதை எண்ணியிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

"சூடா இருக்கும்போது அழுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டான் பாவோரா. குரல் கரகரத்தது. "சொல்லு."

நான் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவன் எழுந்து, மெர்வ் மாமாவின் சட்டையிலிருந்து புகையிலைப் பையை எடுத்தான். அவர் தடுக்கவில்லை. ஹூயா அத்தை மட்டும், "வைமாரிகிட்ட என்னடா சொல்லுவ?" என்றார். அவன் வெளியே போனான். நான் கோட்டைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினேன்.

அவன் சாய்தளத்தின் உச்சியில், போன் பேசும் இடத்திலேயே போய் நின்றான். அதுவே பழகிப்போன இடம். பனியில் முதுகைக் காட்டிக்கொண்டு சுருட்டினான். மறந்திருப்பான் என்று நினைத்தேன். விரல்கள் எதையும் மறக்கவில்லை. நக்கி ஒட்டி, உதட்டில் வைத்துக்கொண்டு, பைகளைத் தடவினான். லைட்டர் இல்லை. இலையுதிர்காலத்திலேயே ஆற்றில் எறிந்துவிட்டிருந்தான்.

என்னைப் பார்த்தான்.

"கம்பி காய்ச்ச ஒரு குட்டி கேஸ் டார்ச் வெச்சிருப்பியே. குடு."

அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீலத் தீ வரும், காற்றில் அணையாத வகை. அதைத் தேர்ந்தெடுக்கவும் நான் நிறைய நாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"ப்ரோ, அக்கா..."

"தெரியும். எனக்குத் தெரியாததா? குடுடா."

அன்று காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. டார்ச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது என்னவோ, "கேஸ் கொஞ்சம்தான் இருக்கு" என்பதுதான். சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவன் தட்டினான். தீ சீறியது. பற்றவைப்பதற்கு முன்னால் புகைப்பவர்கள் ஒரு தடவை வெறுமனே இழுத்துப் பார்ப்பார்கள், புகையிலையின் வாசனைக்காக. பல வருடப் பழக்கம். அவனும் இழுத்தான்.

முகம் கோணியது. டார்ச்சை என் கையில் திணித்துவிட்டுக் சாய்தளத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் குனிந்தான். சாசேஜும் ஸ்கோனும் பனியில் விழுந்தன.

வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை உதட்டில் வைத்தான். மூக்குக்குக் கிட்டே வந்ததுமே மறுபடி குமட்டல். புகையிலையை முகர்ந்தான். கையை முகர்ந்தான். பனியை அள்ளி வாயில் போட்டுத் துப்பினான். பிறகு படியில் உட்கார்ந்தான்.

"எல்லாமே தீஞ்ச ஆடா இருக்குடா" என்றான். "உலகமே."

"கொஞ்ச நேரத்துல போயிடும், ப்ரோ."

"எப்போ போகும்?"

"தெரியல."

"உனக்குத் தெரியாத விஷயம்னு ஒண்ணு இருக்கா?" அவன் பற்றவைக்காத சுருளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அதைக் காற்றில் விட்டான். மெர்வ் மாமாவின் பையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, மாலை வரை கத்தரித்தான். ஒவ்வொரு ஆட்டையும் பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாலை என்னையும் சாய்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். "அவ உன்னைத்தானே கேப்பேன்னா? நீயே சொல்லு." போனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தான்.

வைமாரி உடனே எடுத்தாள். "பத்தவெச்சியா?"

அவள் கேட்ட விதம் ஒரு மாதிரி இருந்தது. அவசரமாக இருந்தது.

"அக்கா, நான் எல்லிஸ்."

"அவன் எங்க? பத்தவெச்சானா இல்லையா, அதைச் சொல்லு."

சொன்னேன். மெர்வ் மாமாவின் காதிலிருந்து தொடங்கினேன். துடைக்கும் துணியைத் தாண்ட நினைத்தேன். பாவோரா முதுகில் குத்தினான், அதையும் சொன்னேன். அடுப்பு, 'ஆம்', நாய் வெளியே போனது, டார்ச், பனி. நடுவில் எங்கேயோ அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாவோரா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"வைமாரி? ஏய்."

மருந்துக் குழாயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு முறை. பிறகு அவள் குரல், மெதுவாக.

"இருக்கேன். கார்ல உக்காந்திருக்கேன். எங்க அக்கா வீட்டு வாசல்ல."

"அங்க என்ன பண்ற?"

"அவகிட்ட ஒண்ணு வாங்கிட்டேன். மடியிலதான் இருக்கு. மத்தியானத்துலேர்ந்து." மூச்சு வாங்கினாள். "உன் போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். நீ பத்தவெச்சேன்னு சொல்லுவே சொல்லுவேன்னு."

கீழே கொட்டகையில், கம்பளி இழந்த ஆடுகள் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கத்தின.

"நான் பத்தவெக்கல" என்றான் பாவோரா.

"அதான் எல்லிஸ் சொன்னதைக் கேட்டேனே." கார்க் கண்ணாடி இறங்கும் சத்தம். பிறகு ஏறும் சத்தம். "போட்டுட்டேன், வெளிய. இன்னைக்கு முடிஞ்சுது. நாளைக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல." இன்னொரு முறை மருந்துக் குழாயின் சத்தம். "வாயில அந்த நாத்தம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. தண்ணி குடிச்சாக்கூட."

"எல்லிஸ் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கேன், அக்கா."

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு."

"நல்ல பஞ்சு வந்ததும்..."

"பஞ்சு யாருக்கு வேணும்? கம்பளிடா. அதே கம்பளி, அதே நாத்தம். தாங்கவே முடியாதுன்னு தோணுற அன்னைக்கு ஒரே ஒரு இழுப்பு."

"உன் நெஞ்சுக்கு இதெல்லாம் ஆகாது" என்றான் பாவோரா.

"உள்ள இழுக்க மாட்டேன். மூக்கு கிட்ட வெச்சுக்கறேன். போதும்ல, எல்லிஸ்?"

"தாராளமாப் போதும்" என்றேன். அன்று நான் நிச்சயமாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

பாவோராவின் டேங்க்குக்கு ஹூயா அத்தை துடைக்கும் துணியைக் கொதிக்கவைத்துக் கிழித்துக் கொடுத்தார். வெப்பக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, சாதாரணப் பெட்டி போலப் பொத்தானை அழுத்தி விடும்படி வைத்தேன். பனி உருகும் வரை அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் இரண்டு நாள் அவனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. ஃபீஜோவாவே தீய்ந்த ஆடாக இருந்ததாம்.

நான் சமையலறை மேசையில் வைமாரியின் டேங்க்கோடு உட்கார்ந்தேன். இந்த முறை, ஒழுகுகிறது என்று பையின் அடியில் ஒதுக்கியிருந்த அடிக்காற்று டேங்க்தான், சந்தேகமே இல்லை. அதில்தானே சுவை அள்ளிக்கொண்டு வரும்? எஃகுக் கம்பி. அதே ஆட்டின் கம்பளி, தோள் வேண்டாம், பின்தொடை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அன்று டேங்க் அடுப்பின் மேல் எவ்வளவு சூட்டில் இருந்தது? தெரியாமல் செய்த தவறைத் துல்லியமாகத் திரும்பச் செய்வது எவ்வளவு கடினம் என்று எந்த விமர்சகனும் எழுதியதில்லை. சூடு குறைந்தால் வெறும் ஈரக் கம்பளி வாசம், அதற்கு யாரும் சிகரெட்டை விட மாட்டார்கள். கூடினால் கம்பளியே மிஞ்சாது.

"அத்தே, இறைச்சி வெந்துச்சான்னு குத்திப் பாப்பீங்களே, அந்தச் சூடு பாக்கற கம்பி, கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"அடுப்பு மேல் தட்டை அளக்கணும்."

அவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். நாய் ஏற்கெனவே கதவருகே நின்றுகொண்டிருந்தது.

"கழுவித் திருப்பிக் குடுக்கணும்" என்றார். "இதுக்கும் ஒரு தரம் இருக்கு."